சாமி எறும்புக்கு நான் போட்ட பார்டர்

எறும்புகளுக்கு என் மனைவி வைத்த விருந்தில் விஷம் வைத்தவன் நான். எறும்புகளோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை, பாசத்தில் செய்ததுதான். நான் செய்த முட்டாள்தனங்களை எல்லாம் ஒரு பெல்ட்டில் ஏற்றி அனுப்பினால், பாசத்தில் செய்தவைதான் முதல் லோடாக வந்து விழும்.

பெல்ட் என்று ஏன் சொன்னேன் என்றால், எழுபதுகளின் கடைசியில் நான் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபிட்டர். ராட்சச இயந்திரம் ஒன்று பூமியைச் சுரண்டிச் சுரண்டிப் பழுப்பு நிலக்கரியைக் கொட்டும். அதைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ரப்பர் பட்டை ஓடும். பட்டை கிழிந்தாலோ, அடியில் உருளை சிக்கினாலோ, அதற்குப் பின்னால் நான் ஓடுவேன். லீவில் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனால் மட்டும் என் வேலை வேறு மாதிரி ஆகிவிடும். "நம்ம ஊர்ல பல்பு எரியுதுல்லா? நான் சுவிட்சைப் போட்டாத்தான் எரியும்" என்பேன். மாமனார் அதை நம்பித்தான் பெண் கொடுத்தார் என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்தப் பெண் நெய்வேலிக்கு வந்த முதல் வாரமே என் உத்தியோகத்தை விடப் பெரிய பெல்ட் ஒன்றை வாசலில் ஓட வைத்தாள்.

எங்கள் பிளாக்கில் எல்லா வீடும் ஒரே அச்சு. முன்னால் நாலு முழ வாசல், பக்கத்தில் ஒரு வேப்பமரம். காற்று மாறினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து மெல்லிசாகப் படியும். என் மனைவி விடியற்காலையில் எழுந்து, சாம்பலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுவாள். எல்லா வீட்டிலும் போடுகிறார்கள்தான். ஆனால் மற்ற வீடுகளில் கல்லை அரைத்த கோலமாவு. பளீரென்று வெள்ளையாக, சாயங்காலம் வரை அசையாமல் கிடக்கும். இவள் மட்டும் ரேஷன் அரிசியில் நொய்யைப் புடைத்தெடுத்து, ஊறவைத்து, உலர்த்தி, இடித்து, சலித்து, அந்த மாவில்தான் போடுவாள். போட்டு முடித்த அரைமணி நேரத்தில் வேப்பமரத்தடிப் பொந்திலிருந்து கறுப்பு எறும்புகள் வரிசையாகக் கிளம்பும். ஒன்பது மணிக்குப் பார்த்தால் கோலத்தில் பாதி இருக்காது.

"கல்மாவு வாங்கித் தாரேன். நாள் பூரா நிக்குமே" என்றேன் ஒருநாள்.

"சாப்பிட வாரவங்களுக்குக் கல்லப் பொடிச்சு வைப்பாங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நைட் ஷிப்ட் முடிந்து வரும் காலைகளில் சைக்கிளைச் சாத்திவிட்டு அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு உட்காருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தொழில் புத்தி. சைரன் கிடையாது, சூப்பர்வைசர் கிடையாது, ஓவர்டைம் கிடையாது. எதிரும் புதிருமாக வரும் இரண்டு எறும்பு ஒரு நொடி மூக்கோடு மூக்கு வைத்து என்னமோ கேட்டுக்கொண்டு அதனதன் வழியில் போகும். எங்கள் ஷிப்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் அரைமணி நேரம் டீ குடிப்போம். எறும்புகளின் பெல்ட் பிரேக்டவுன் ஆகி நான் பார்த்ததே இல்லை. நான் தலையிட்ட அந்த ஒரு நாளைத் தவிர.

பூச்சிகளுக்கு எங்கள் டவுன்ஷிப்பில் மரியாதை அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா ஜில்லாவிலிருந்தும் குடும்பங்கள் வந்திருந்தன. பெட்டி படுக்கையோடு அவரவர் ஊர்ப் பூச்சி சாஸ்திரமும் வந்திருந்தது. கறுப்பு எறும்பு சாமி எறும்பு, பிள்ளையாருக்கு வேண்டியது, கொல்லக்கூடாது. சிவப்பு எறும்பு கடிக்கும், அதைக் கொன்றால் எந்தச் சாமியும் கேள்வி கேட்காது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினால் மழை. தும்பி தாழப் பறந்தாலும் மழை. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் பிரிவுக்காரர்கள் ரேடியோச் செய்தியை விடத் தும்பியைத்தான் நம்பினார்கள். காப்பியில் விழுந்த எறும்பைக் குடித்துவிட்டால் கண்பார்வை கூர்மையாகும். அந்தக் கணக்குப்படி நான் விழுங்கிய எறும்புகளுக்கு, என் கண் பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் பழுத்திருப்பதை வீட்டிலிருந்தே பார்த்திருக்க வேண்டும். வாசலில் நடந்தது கூடத் தெரியவில்லை என்பதுதான் இந்தக் கதை.

குளவியையும் விட்டுவிடக் கூடாது. ஒருமுறை பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால், வராந்தா ஆணியில் மாட்டியிருந்த என் ஹெல்மெட்டுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து எங்களுக்குப் பால் ஊற்ற வரும் அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"கொளவி கூடு கட்டிகினு கீது சார். வூட்ல விசேஷந்தான்!"

என் மனைவி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். பால்காரம்மாள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்து, "ஆனா கட்டுனது சார் தொப்பில ஆச்சே. அப்ப விசேஷம் சாருக்குத்தான்" என்றாள்.

மறுநாள் நான் ஷிப்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தச் சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவர் எனக்குப் புளிப்பு மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார். எங்களுக்கு மகள் பிறந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. குளவி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

சரி, விஷத்துக்கு வருகிறேன்.

என் மனைவி அதிகம் பேசமாட்டாள். வந்து இரண்டு வருஷம் ஆகியும் பிளாக்கில் அவளுக்கு இருந்த பெயர் 'ஃபிட்டர் வீட்டம்மா'. எதிர்வீட்டு அக்கா கோயமுத்தூர்ப் பக்கம். பிளாக்கில் கோலத்துக்கு அவர்தான் ராணி. பொங்கல் கோலப்போட்டியில் வருஷா வருஷம் பரிசு அவருக்குத்தான். நல்ல மனசு, ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஏனம்முணி, உங்கூட்டுக் கோலம் ஒம்போது மணிக்கே டூட்டி முடிஞ்சு கெளம்பீருதே! பர்மனெண்ட் இல்லீங்களா, காண்ட்ராக்ட்டுங்களா?"

தெருவே சிரிக்கும். இவளும் சிரிப்பாள். ஆனால் காது சிவந்திருக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம் பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "போட்டிக்குப் பேர் குடுத்துட்டேன்."

அவளாக ஒரு காரியத்துக்குப் பெயர் கொடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தொண்டையில் ரசம் ஏறிவிட்டது.

"கல்மாவா?"

"அரிசி மாவுதான். எங்க வீட்டுல எப்பிடிப் போடுவோமோ அப்பிடித்தான். பத்தொம்பது புள்ளி நெளிகோலம். பாக்க வாரவங்க பத்து மணிக்கு வாராங்களாம். பத்து மணி வரைக்கும் நின்னாப் போதும்."

பத்து மணி வரைக்கும். எறும்புகளின் கணக்கோ ஒன்பது மணி. நடுவில் இருந்த ஒரு மணி நேரத்தை நான் என் தலைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டேன். அவள் என்னைக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புருஷன்மார்கள் கேட்காமலே செய்யும் உதவி மாதிரி ஆபத்தான வஸ்து சுரங்கத்து வெடிமருந்துக் கிடங்கில் கூடக் கிடையாது.

எங்கள் ஷிப்டில் முத்தாண்டிக்குப்பத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு முந்திரித்தோப்பு உண்டு. மரத்தைத் துளைக்கும் வண்டுக்கு ஏதோ மருந்துப்பொடி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் எறும்புத் தொல்லை என்று பொய் சொல்லி அவரிடம் கேட்டேன். காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார்.

"ஒரு சிட்டிகைதான் சார். சோறு கொழம்பு கிட்ட கொண்டுகினு போவாதீங்க. தொட்டா கைய நல்லா கழுவிடணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதாய்யா" என்றேன். எனக்குத் தெரியாது.

போட்டி நாள் காலை. நைட் ஷிப்ட் முடிந்து ஏழு மணி வாக்கில் வந்து சேர்ந்தேன். சைக்கிளை விட்டு இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். வாசல் முழுக்கக் கோலம். ஒரே இழை; எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. புள்ளிக்குப் புள்ளி வளைந்து, நுழைந்து, திரும்பி வந்து சேர்ந்திருந்தது. ஸ்கேல் வைத்து, நூல் பிடித்து, ஸ்பிரிட் லெவல் பார்த்து வேலை செய்கிறவன் நான். என்னால் அதில் ஒரு மூலையைக் கூடப் போட முடியாது. அரிசி மாவின் அந்த மங்கல் வெள்ளை, ஈர மண்ணில் பால் மாதிரி இறங்கியிருந்தது. எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு கிண்டல் கூட வரவில்லை. எனக்கு மார்பு இரண்டு இஞ்சு விரிந்தது.

அவள் குளிக்கப் போயிருந்தாள். நான் சுற்றிமுற்றும் பார்த்தேன். கோலத்தின் ஓரத்தில் இரண்டு எறும்பு மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன. வேப்பமரத்தடியில் பொந்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி மாவு கொட்டிக் கிடந்தது. அதில் எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. பாவம், இருட்டில் கைதவறிக் கொட்டிவிட்டாள்போல என்று நினைத்து, பார்க்க வருகிறவர்களுக்கு வாசல் சுத்தமாகத் தெரியட்டுமே என்று அதை நன்றாகக் கூட்டி அள்ளித் தூரப் போட்டேன். அப்புறம் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, கோலத்தைச் சுற்றி நாலு பக்கமும் மருந்துப்பொடியைக் கோடாக இழுத்தேன். ஒரு சிட்டிகை என்று அவர் சொன்னதை நான் கோட்டுக்கு ஒரு சிட்டிகை என்று எடுத்துக்கொள்ளவில்லை. பொட்டலத்தில் இருந்தது முழுக்கவும் போட்டேன். கோடு மட்டும் நேர்கோடு. அதில் குற்றம் சொல்ல முடியாது.

"பார்டரெல்லாம் போட்டாச்சுங்களா! நல்லாத்தான் இருக்குது" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"நம்ம கைவேலைங்க" என்றேன். வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே கோலப் பாராட்டு அது.

எட்டரை மணிக்குப் பால்காரம்மாள் கேனோடு வந்தாள். வாசலில் நின்று குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னா சார் இது? சோத்தப் போட்டு வாசல்லயே கொல்றீங்க?"

குனிந்தேன். நான் வரைந்த வெள்ளை பார்டர் கறுப்பு பார்டராக ஆகியிருந்தது. மரத்தடிச் சாப்பாடு பறிபோன பசியில் மொத்தக் கூட்டமும் கோலத்துக்கு வந்திருக்கிறது. வந்தவை கோட்டைத் தாண்டியும் தாண்டாமலும் சுருண்டு கிடந்தன. சில, கால் மடங்கிக் கிடந்த மற்றொன்றை இழுத்துக்கொண்டு திரும்பப் பார்த்தன. பின்னால் இன்னும் வரிசை வந்துகொண்டே இருந்தது. பெல்ட் நிற்கவில்லை, போய்ச் சேரும் இடம்தான் இல்லை.

கேன் சத்தம் கேட்டு என் மனைவி அடுக்களையிலிருந்து பாத்திரத்தோடு வெளியே வந்தாள். ஈரத்தலையில் துண்டு. கோலத்தைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள், பொடி நாற்றம் தெரிந்துவிட்டது. வேப்பமரத்தடியைப் பார்த்தாள்.

"மரத்தடியில மாவு வச்சிருந்தேனே?"

"கொட்டிக் கெடந்துச்சுன்னு கூட்டிட்டேன்."

"கொட்டல. வச்சேன். ஒரு வாரமா அங்கனதான் வச்சுப் பழக்கிருக்கேன். அங்க பந்தி முடிஞ்சாத்தான இங்க வரும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வாரமாக அவள் எறும்புகளுக்கு இலை போடும் இடத்தை மாற்றியிருக்கிறாள். பத்து மணி வரை கோலம் நிற்பதற்கு எல்லா ஏற்பாடும் பேசாமல் செய்து முடித்திருக்கிறாள். நான் அவள் ஏற்பாட்டைக் கூட்டித் தள்ளிவிட்டு, அதற்குப் பதில் விஷம் வைத்திருக்கிறேன்.

"இப்பவே மரத்தடியில திரும்ப வச்சிரலாம். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. கோலம் நிக்கும்" என்றேன்.

"கோலம் நிக்கும்" என்றாள். "பத்து மணிக்கு மேல?"

எனக்குப் புரியவில்லை. பால்காரம்மாளுக்குப் புரிந்தது. "பொடி பட்ட மாவையும் இதுங்க விடாது சார். வளைக்கு இழுத்துகினு பூடும். உள்ள இருக்கற குஞ்சு குளுவான் எல்லாம் துன்னும்."

என் மனைவி துடைப்பத்தை எடுத்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா, "அம்முணி, வேண்டாம், பொறுத்துக்க, அவிங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்று ஓடிவந்தார். இவள் நிமிரவில்லை. பத்தொன்பது புள்ளிக் கோலத்தை, மூன்று மணி நேர வேலையை, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கூட்டினாள். காது மட்டும் சிவந்திருந்தது. பொடியையும் மாவையும் சேர்த்து அள்ளி, என்னைப் பார்க்காமலே, "குழி" என்றாள். கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினேன். மண்வெட்டி பிடித்த அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு வந்த வெட்கம், சுரங்கத்தில் நாங்கள் வெட்டிய பள்ளத்தை நிரப்பியிருக்கும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் ஊறிக்கொண்டிருந்தது. இவளா என் வீட்டுக்காரி என்ற பெருமை. மண்வெட்டியும் கையுமாக நிற்கிற ஆளுக்கு அது பொருத்தமான உணர்ச்சி இல்லை என்பதால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வாசலைக் கழுவிவிட்டாள். பிறகு வேப்பமரத்துக்கு மறுபக்கம், விஷம் படாத இடத்தில், ஐந்தே புள்ளியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கோலம் போட்டாள். அதற்குள் எனக்கு ஒரு உத்தரவு. கையைக் கழுவு. சோப்புப் போட்டு ஒருமுறை, சீயக்காய்த் தூள் போட்டு ஒருமுறை, மறுபடி சோப்புப் போட்டு ஒருமுறை. அதுவரை காப்பி கிடையாது.

பத்து மணிக்கு நோட்டும் பேனாவுமாக வேறு பிளாக்கிலிருந்து ஒரு அதிகாரியின் மனைவி பார்க்க வந்தார். எங்கள் வாசலில் நின்றார். ஈரத்தரை.

"இங்கே பேர் குடுத்திருக்காங்களே. கோலம்?"

கடைசியில் நான்தான், "இருந்துதுங்க மேடம். நான் பூச்சி மருந்து வெச்சிட்டேன்" என்றேன்.

"கோலத்துக்கா?"

தெருவில் சிரிப்பு வெடித்தது. பதினைந்து வீட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அனுபவப்பட்டவன் நான். என் மனைவி முன்னால் வந்து, "அதத் தின்னா எறும்பு செத்துரும்லா மேடம். அதான் அழிச்சிட்டேன்" என்றாள். அவ்வளவு பேர் நடுவில் அவள் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த அம்மையார் வேப்பமரத்தடிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். மிச்சமிருந்த எறும்புகள் ஐந்து புள்ளிக் கோலத்தில் இரண்டு வளைவைத் தின்று முடித்திருந்தன. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நோட்டை மூடிக்கொண்டு, "வாசல்ல இருந்தாத்தாம்மா மார்க் போட முடியும்" என்றார். மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

பரிசு வழக்கம்போல எதிர்வீட்டு அக்காவுக்கு. மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. சாயங்காலம் அவர் அதைக் கொண்டுவந்து எங்கள் சமையலறையில் வைத்தார்.

"அரிசி மாவு போட்டு வெச்சுக்க அம்முணி. இந்த ஆளு கைக்கு எட்டாத எடத்துல வெய்யி."

அன்று முதல் அந்த டப்பா மேல்தட்டில் ஏறியது. அன்று முதல் அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை. கீழே விழப்போனால் கூடப் பிடிக்கக் கூடாது. ஒருநாள் நான் ஸ்டூலில் ஏறி அந்தப் பக்கமாகக் கையை நீட்டினேன், ஊறுகாய் எடுக்கத்தான், உள்ளறையிலிருந்தே ஒரு இருமல் வந்தது. இறங்கிவிட்டேன்.

அந்த ஒரு வருஷம் நான் அவளைப் பற்றிப் பேசாத ஷிப்ட் இல்லை. சுரங்கத்தில், சொஸைட்டி வரிசையில், ஊருக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொன்னேன். பல்பு எரிவதற்கு நான் காரணம் என்ற பழைய பெருமையை மூட்டை கட்டிவிட்டேன். கையில் வந்த பரிசை நாலு எறும்புக்காகக் கூட்டித் தள்ளியவளின் புருஷன் என்பதுதான் என் புதிய உத்தியோகம். கேட்டவர்கள் எல்லாரும், "விஷம் வெச்ச மடையன் யாரு?" என்று கேட்பார்கள். அந்த இடத்தில் டீ குடிப்பேன். முத்தாண்டிக்குப்பத்துக்காரருக்கு மட்டும் விஷயம் தெரிந்துவிட்டது. "கைய கழுவுங்கன்னு சொன்னேன், மூளையச் சொல்ல மறந்துட்டேன் சார்" என்றார். பிளாக்கில் 'ஃபிட்டர் வீட்டம்மா' என்ற பெயர் போய்விட்டது. எல்லாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னைத்தான் 'பார்டர்' என்றார்கள்.

அடுத்த பொங்கல் வந்தது. மறுபடியும் பெயர் கொடுத்திருந்தாள். வேப்பமரத்தடியில் எறும்புகள் பழையபடி பெருத்திருந்தன. ஒரு வாரமாக அங்கேதான் பந்தி. போட்டியன்று எனக்கு வார லீவு. விடியலில் எழுந்து, கேட்காமலே தண்ணீர் தூக்கிக் கொடுத்தேன், சாம்பலைக் கூட்டிக் கொடுத்தேன். அவள் புள்ளி வைக்கத் தொடங்கினாள். கிண்ணத்தில் மாவு தீர்ந்துபோனது. அவளுக்கோ கோலத்துக்கு நடுவில் கால். எழுந்து வந்தால் புள்ளி அழியும். நான் மெல்லத் தொண்டையைக் கனைத்தேன்.

"மேல்தட்டு டப்பாவ நான் எடுத்துட்டு வரட்டுமா?"

அவள் தலை நிமிரவில்லை. அடுத்த புள்ளிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையக் கழுவிட்டுத் தொடுங்க."